காட்டைக் காக்க யாரோடு ஒப்பந்தம் போடுவது?

நார்வே 2008-இல் பிரேசிலுக்கு 100 கோடி டாலர் வரை தருவதாகச் சொன்னது. 2009-இல் தென் அமெரிக்காவின் சிறு நாடான கயானாவுக்கு 25 கோடி டாலர். 2010-இல் இந்தோனேசியாவுக்கு 100 கோடி டாலர். மூன்று ஒப்பந்தங்களுக்கும் நோக்கம் ஒன்றுதான்: மழைக்காட்டை அழியாமல் வைத்திருங்கள், காப்பாற்றிய அளவுக்குப் பணம் தருகிறோம். பிரேசில் 2015 முடிவதற்குள் சொன்ன தொகை முழுவதையும் வாங்கிவிட்டது. கயானாவுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டது, ஆனால் அதில் ஒரு பகுதி செலவழிக்க வழியில்லாமல் தேங்கி நின்றது. இந்தோனேசியா 11 ஆண்டு காத்திருந்தது. காடழிப்பைக் குறைத்ததற்கான முதல் தவணைகூட வராத நிலையில் 2021 செப்டம்பரில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது.

கொடுப்பவர் மூன்று இடத்திலும் ஒருவர்தான். கொடுப்பவருக்கும் காட்டுக்கும் நடுவில் இருந்த ஏற்பாடுதான் இடத்துக்கு இடம் மாறியது. காடுள்ள ஒரு நாடு வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடும்போது எல்லாரும் முதலில் தொகையைப் பார்க்கிறார்கள், அப்புறம் கூட்டாளியின் பெயரைப் பார்க்கிறார்கள். நடுவில் பணத்தை யார் வைத்திருக்கிறார், காட்டை யார் அளக்கிறார், காட்டுக்குள் குடியிருப்பவர்கள் வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கேள்விகளை வைத்துத்தான் இன்று இருக்கும் வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

பிரேசில்: பணம் உள்நாட்டு வங்கியில்

நார்வேயின் பணம் போய்ச் சேர்ந்த அமேசான் நிதியத்தை நடத்துவது பிரேசிலின் அரசு வளர்ச்சி வங்கியான பிஎன்டிஇஎஸ். எந்தத் திட்டத்துக்குப் பணம் தருவது என்று முடிவெடுப்பதில் நார்வேக்கோ, 2010 வாக்கில் சேர்ந்த ஜெர்மனிக்கோ இடம் கிடையாது. வழிகாட்டும் குழுவில் மூன்று தரப்பு: மத்திய அரசு, அமேசான் மாநில அரசுகள், குடிமைச் சமூகம். மூன்றாவது தரப்பில் பழங்குடி அமைப்புகளும் அறிவியலாளர் சங்கமும் தொழில்துறையும் உண்டு. உமிழ்வுக் கணக்கைச் சரிபார்க்க அறிவியலாளர்கள் கொண்ட தனிக் குழு இருக்கிறது. காடு எவ்வளவு போனது என்பதை பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆண்டுதோறும் அளந்து வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இன்னொன்று. பணம் கொடுத்த நாட்டுக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழ் மட்டும்தான். அதை விற்க முடியாது. அதைக் காட்டி, தன் ஊரில் விட்ட புகைக்குக் கணக்கைச் சரிக்கட்டவும் முடியாது. காற்றில் சேராமல் தடுத்த கரியமில வாயு டன்னுக்கு 5 டாலர் என்ற குறைந்த விலையில் இந்தக் கணக்கு ஓடியது. விலை குறைவு என்ற குறை நியாயமானதுதான். ஆனால் அந்த விலைக்கு பிரேசில் எதையும் அடகு வைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அமேசானில் காடழிப்பு 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்து 2012-இல் 4,571-ஆகக் குறைந்தது. இதில் பெரும்பகுதி நிதியத்தின் சாதனை அல்ல. நிதியம் பிறந்ததே 2008-இல்தான். மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது 2004-இல் தொடங்கிய காடழிப்புத் தடுப்புத் திட்டம், உடனுக்குடன் எச்சரிக்கும் செயற்கைக்கோள் கண்காணிப்பு, புதிய காப்புக்காடுகள், காட்டை அழித்து விளைத்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் சோயா வணிகர்கள் ஏற்ற தடை, விதி மீறிய பண்ணைகளுக்கு வங்கிக் கடன் மறுப்பு ஆகியவைதான் முதல் காரணங்கள். உள்நாட்டு அரசு வேலையைத் தொடங்கிவிட்ட பிறகு, அதற்குத் தெம்பு கொடுக்க வெளிநாட்டுப் பணம் வந்தது. இந்த வரிசை மாறி, பணம் வந்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று இருந்த இடங்களில் பெரும்பாலும் எதுவும் நகரவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை 2019-இல் வந்தது. அப்போதைய அதிபர் பொல்சனாரோவின் அரசு நிதியத்தின் இரண்டு குழுக்களையும் கலைத்தது. நார்வேயும் ஜெர்மனியும் பணத்தை நிறுத்தின. பிரேசில் பணத்தில் சுமார் 300 கோடி ரெயாய் வங்கியில் அசையாமல் கிடந்தது. 2021-இல் காடழிப்பு 13,038 சதுர கிலோமீட்டரைத் தொட்டது. நல்ல கட்டமைப்பு இருந்தும் ஒரு தேர்தல் அதை முடக்கிவிட்டதே என்று கேட்கலாம். முடக்கியது, உண்மைதான். ஆனால் பணம் திருடு போகவில்லை, வேறு வேலைக்குத் திருப்பிவிடப்படவும் இல்லை. நிதியம் உள்நாட்டுச் சட்டத்துக்குள் இருந்ததால் எதிர்க்கட்சிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 2022 நவம்பரில் நீதிமன்றம் நிதியத்தை மீண்டும் இயக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி 1 அன்று, பதவியேற்ற நாளிலேயே புதிய அதிபர் லூலா அதற்கான ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பிறகு பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம் போன்றவையும் சேர்ந்தன. 2024-க்கான முதல் மதிப்பீட்டில் காடழிப்பு 6,288-ஆக இறங்கியிருந்தது. வெளிநாட்டு வங்கி ஒன்றில் கிடக்கும் பணத்துக்காக எந்த நாட்டு நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது?

குறையும் உண்டு. வளர்ச்சி வங்கியின் விண்ணப்ப முறை பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றது. ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சிறு பழங்குடிச் சங்கம் அந்தக் காகிதங்களை நிரப்பி, தணிக்கைக் கணக்கு காட்டி, பணத்தை வாங்குவது சிரமம். நடுவில் ஒரு பெரிய அமைப்பு பணத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி நடக்கும்போது ஊருக்குப் போய்ச் சேரும் தொகை மெலிந்துவிடுகிறது.

இந்தோனேசியா: வாய்க்கால் வெட்டாமல் தண்ணீர் கேட்டது

இந்தோனேசியாவில் ஆர்வத்துக்குப் பஞ்சமில்லை. 2011-இல் பழங்காடுகளிலும் கரிச்சதுப்பு நிலங்களிலும் புதிய குத்தகை தருவதை அரசு நிறுத்தியது. 2019-இல் அந்தத் தடை நிரந்தரமானது. நார்வே ஒப்பந்தம் இல்லாமல் இந்தத் தடை இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் பணத்தை வாங்கி வைக்கும் நிதியம் எது, கணக்கை யார் சரிபார்ப்பது என்பது வருடக்கணக்கில் முடிவாகவில்லை. இதற்காகவே 2013-இல் உருவான தனி முகமையை, ஆட்சி மாறிய பிறகு 2015-இல் அமைச்சகத்துக்குள் கரைத்துவிட்டார்கள். அதே ஆண்டு காட்டுத்தீயில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது.

அதற்குப் பிறகு காடழிப்பு குறைந்தது. 2016-17-இல் குறைத்த 1.12 கோடி டன் உமிழ்வுக்கு 5.6 கோடி டாலர் வர வேண்டும். அது வரவில்லை என்பதைக் காரணம் காட்டித்தான் ஜகார்த்தா விலகியது. இதற்கு நடுவில், 2019-இல், இந்தோனேசியா தன் நிதி அமைச்சகத்தின் கீழ் ஒரு சுற்றுச்சூழல் நிதியத்தைத் தொடங்கியிருந்தது. 2022 செப்டம்பரில் புது ஒப்பந்தம் போட்டபோது பணம் அந்த நிதியத்துக்குள் வருவது என்று முடிவானது. சில வாரங்களிலேயே 5.6 கோடியும் வந்து சேர்ந்தது. பதினோரு ஆண்டு நடக்காதது, பணம் இறங்க இடம் தயாரானதும் நடந்துவிட்டது.

கயானா: ஒரே காட்டுக்கு இரண்டு வாங்குபவர்கள்

ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான நாடு கிடைக்காது. பத்தில் எட்டரைப் பங்கு நிலம் காடு, ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர். காடழிப்பு ஏற்கெனவே மிகக் குறைவு. முதல் ஒப்பந்தம் நார்வே அரசோடு, இரண்டாவது ஒப்பந்தம் ஓர் எண்ணெய் நிறுவனத்தோடு.

நார்வேயின் பணம் உலக வங்கியை அறங்காவலராகக் கொண்ட நிதியத்துக்குள் போனது. அங்கிருந்து ஐ.நா. வளர்ச்சித் திட்டம், அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி போன்றவை வழியாகத்தான் கயானாவுக்குள் வர முடியும். ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனிக் கொள்முதல் விதி, தனித்தனிச் சமூகப் பாதுகாப்பு விதி. பழங்குடி ஊர்களுக்கு நிலப்பட்டா வழங்கும் வேலைக்கு இந்தப் பணம் உதவியது, அது பெரிய நன்மை. ஆனால் ஆமைலா அருவி நீர்மின் திட்டத்துக்கென ஒதுக்கிய 8 கோடி டாலர், திட்டம் நடக்காமல் அப்படியே நின்றது. 2011 வரை அதிபராக இருந்த பாரத் ஜக்தேவ், பணம் வந்து சேர்வதில் இருந்த தாமதத்தை வெளிப்படையாகவே குறை சொன்னார்.

2022 டிசம்பரில் கயானா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. நாட்டின் காடு முழுவதையும் ஒரே கணக்கில் வைத்து, ஆர்ட் என்ற அமைப்பின் விதிப்படி கார்பன் கிரெடிட் (ஒரு டன் கரியமில வாயு காற்றில் சேராமல் தடுத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) பெற்றது. உலகிலேயே ஒரு நாடு முழுமைக்குமாக இப்படிக் கிரெடிட் பெற்றது அதுவே முதல் முறை. ஹெஸ் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனம் 3.75 கோடி கிரெடிட்டுகளைக் குறைந்தபட்சம் 75 கோடி டாலருக்கு வாங்கச் சம்மதித்தது. டன்னுக்கு 20 டாலர் ஆகிறது, நார்வே முறையைப் போல நான்கு மடங்கு. வருவாயில் 15 சதவீதம் பழங்குடி ஊர்களுக்கு. 2023-இல் மட்டும் 2.25 கோடி டாலர் 242 ஊர்களுக்குப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு ஊரும் தனக்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதி, பணத்தைத் தன் கணக்கிலேயே பெற்றது. முந்தைய ஏற்பாட்டில் பல ஆண்டு நடக்காத வேகம் இது. அதை மறுக்க முடியாது.

இருந்தும் இந்த இரண்டாவது ஒப்பந்தத்தை முழு மனதோடு பரிந்துரைக்க எனக்கு முடியவில்லை. முதல் காரணம், வாங்கிய நிறுவனம் கயானாவின் கடலில் எக்ஸான் என்ற பெரிய எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து எண்ணெய் எடுத்த நிறுவனம். காட்டைக் காத்ததற்கான கிரெடிட்டை அதே கடலில் எண்ணெய் தோண்டுபவர் வாங்கும்போது, காற்றுக்குள் போகும் கரியமில வாயு குறைகிறதா என்ற கேள்வி நேராக எழுகிறது. அடுத்தது, இந்தக் காடு எப்படியும் அழிந்திருக்காதே என்ற சந்தேகம். குறைந்த காடழிப்பு உள்ள நாடுகளுக்கென்று தனி விதி வைத்துத்தான் கிரெடிட் தரப்பட்டது. காட்டை ஒழுங்காக வைத்திருந்தவருக்கு ஒன்றுமே இல்லை, அழித்துவிட்டுக் குறைப்பவருக்கு மட்டும் பணம் என்பது அநீதிதான். அந்த நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பரிசை நன்கொடையாகத் தருவது வேறு, இன்னொருவர் புகை விடுவதற்கான ஈடாக விற்பது வேறு.

கடைசிக் காரணம் சம்மதம். நாட்டின் கிராமத் தலைவர்கள் மன்றத்தில் ஒப்புதல் வாங்கியதாக அரசு சொன்னது. ஊர் ஊராகச் சென்று, புரியும்படி விளக்கி, முன்கூட்டியே சம்மதம் பெறவில்லை என்று கயானாவின் பழங்குடி மக்கள் சங்கம் ஆர்ட் அமைப்பிடம் முறையிட்டது. முறையீடு தள்ளுபடியானது. இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது இருக்கட்டும். கிரெடிட் தருகிற அமைப்பே முறையீட்டையும் விசாரிக்கும் ஏற்பாட்டில் தோற்றவர்களுக்கு நம்பிக்கை வருவது கடினம்.

தனியார் கார்பன் திட்டங்கள்

நாடு முழுவதற்கும் இல்லாமல், ஒரு காட்டுப் பகுதியை மட்டும் எடுத்து, ஒரு தொண்டு நிறுவனமோ கம்பெனியோ நடத்தும் திட்டங்கள் இவை. தொடங்குவது எளிது. நல்லவையும் உண்டு: கென்யாவின் கசிகாவ் திட்டம் 2011-இல் முதன்முதலாக இந்த வகைக் கிரெடிட் பெற்று, பள்ளிக் கட்டணத்துக்கும் குடிநீருக்கும் பணம் கொடுத்தது. ஆனால் கட்டமைப்பிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்பதைத் திட்டத்தை நடத்துபவரே மதிப்பிடுகிறார். அந்த எண் பெரிதாக இருந்தால் கிரெடிட்டும் பெருகும். 2023 ஜனவரியில் மூன்று ஊடகங்கள் சேர்ந்து செய்த புலனாய்வு, வெர்ரா என்ற அமைப்பு சான்றளித்த மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான உமிழ்வுக் குறைப்பைக் காட்டவில்லை என்றது. வெர்ரா அந்தக் கணக்கு முறையை மறுத்தது. எப்படியானாலும் சந்தை ஆட்டம் கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஜிம்பாப்வேயின் பெரிய கரிபா திட்டத்திலிருந்து சுவிஸ் நிறுவனம் சௌத் போல் விலகியது.

கம்போடியாவின் தெற்குக் கார்டமம் மலையில் நடந்தது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. திட்டம் தொடங்கி இரண்டரை ஆண்டு கழித்துத்தான் அங்கே வாழும் சோங் மக்களிடம் பேசவே வந்தார்கள் என்று ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2024-இல் அறிக்கை வெளியிட்டது. தலைமுறைகளாகப் பயிர் செய்த இடத்திலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதாகவும் அது சொன்னது. திட்டத்தை நடத்திய அமைப்பு குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. வெர்ரா சில காலம் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு திட்டத்தை மீண்டும் அனுமதித்தது. நிலப்பட்டா இல்லாத மக்கள் இருக்கும் காட்டில் இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடனைக் கழிப்பது, கடன் வாங்குவது

கடனுக்குப் பதில் காடு என்ற யோசனையை 1984-இல் முன்வைத்தவர் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய். 1987-இல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 1 லட்சம் டாலர் கொடுத்து பொலிவியாவின் 6.5 லட்சம் டாலர் கடனை வாங்கி ரத்து செய்தது. பதிலுக்கு பெனி பகுதியில் காட்டைப் பாதுகாக்க பொலிவியா ஒப்புக்கொண்டது. அந்த ஒப்பந்த மேஜையில் அங்கே வாழ்ந்த பழங்குடிகளுக்கு இடமில்லை. மரம் வெட்டும் நிறுவனங்கள் சிமானேஸ் காட்டுக்குள் தொடர்ந்து இருந்தன. 1990-இல் அந்த மக்கள் நிலத்துக்கும் மானத்துக்குமாக அரசு இயங்கும் லா பாஸ் நகர் வரை நடந்தே போனார்கள். அந்த நடைப்பயணம்தான் அவர்களுக்கு நில உரிமையை அங்கீகரிக்கும் ஆணைகளை வாங்கித் தந்தது.

இன்றைய கடன் மாற்றங்கள் மேம்பட்டவை. வங்கதேசம் 2000-இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்திலிருந்து ஆரண்யக் அறக்கட்டளை பிறந்தது. ஆட்சி மாறினாலும் இப்படிப்பட்ட உள்நாட்டு அறக்கட்டளைகள் நிற்கின்றன. கடன் சுமை கழுத்தை நெரிக்கும் நாட்டுக்கு இது நல்ல வழி. கடன் லேசாக இருக்கும் நாட்டுக்கு இந்தச் சட்டச் செலவும் பேச்சுவார்த்தைச் செலவும் கட்டாது.

நமக்குப் பழகிய வழி வேறு. தமிழ்நாடு 1997 முதல் ஜப்பானிய நீண்டகாலக் கடனில் காடு வளர்ப்புத் திட்டங்களை நடத்தியது. பிறகு பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டமும் அதே கூட்டாளியோடுதான். மலைச்சரிவுகளில் தடுப்பணையும் கன்றுகளும் வந்தன. கிராம வனக் குழுக்கள் அமைந்தன. ஆனால் அந்தக் குழுக்கள் வனத்துறை அமைத்தவை. 2006-இன் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தரும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. இந்த மாதிரிக் கடன் திட்டத்தில் கையெழுத்திடும் எந்த அரசும், திட்டக் காலம் முடிந்த பிறகு அந்த வேலையை நடத்தப்போவது கிராம சபைதான் என்று முதலிலேயே எழுதிவிடுவது நல்லது.

புதிதாக வந்திருப்பது

2025 நவம்பரில் பெலெம் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பிரேசில் தொடங்கிய வெப்பமண்டலக் காடுகளுக்கான நிரந்தர நிதியம் வேறு மாதிரி யோசிக்கிறது. அரசுகள் 2,500 கோடி டாலர், தனியார் முதலீட்டாளர்கள் 10,000 கோடி டாலர் போட வேண்டும் என்பது இலக்கு. அதை முதலீடு செய்து வரும் உபரியிலிருந்து, நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 4 டாலர் வரை. காடு அழிந்தால் பெரிய அளவில் கழிவு. கார்பன் கிரெடிட் கிடையாது. 20 சதவீதம் பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும். மாநாட்டின்போது உறுதியளிக்கப்பட்ட தொகை 670 கோடி டாலரைத் தாண்டியது, அதில் நார்வேயின் பங்கு மட்டும் சுமார் 300 கோடி.

கயானாவின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 1.8 கோடி ஹெக்டேருக்கு 4 டாலர் என்றால் ஆண்டுக்கு 7.2 கோடி டாலர். ஹெஸ் ஒப்பந்தத்தின் குறைந்தபட்சத் தொகையைப் பத்து ஆண்டுக்குப் பிரித்தால் 7.5 கோடி. கிட்டத்தட்ட அதே பணம், புகைக்கு ஈடாக எதையும் விற்காமல். ஆனால் இந்த 7.2 கோடி, நிதியம் முழு அளவை எட்டி, சந்தையில் நல்ல வருவாயும் வந்தால்தான். முதலீட்டாளருக்கு வட்டி கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் காட்டுக்கு. நெருக்கடி ஆண்டில் முதலில் அடிபடுவது காட்டின் பங்குதான். இதை மட்டும் நம்பி ஒரு நாடு பட்ஜெட் போடக் கூடாது.

வாக்குறுதியை நம்பிக் காத்திருந்து ஏமாந்தது ஈக்வடார். யசுனி காட்டுக்கு அடியில் இருக்கும் எண்ணெயை எடுக்காமல் விட, அதன் மதிப்பில் பாதியான 360 கோடி டாலரை உலகம் தரட்டும் என்று 2007-இல் கேட்டது. ஐ.நா. வழியாக நிதியம் திறந்தார்கள். 2013-இல் திட்டத்தைக் கைவிட்டபோது கைக்கு வந்திருந்தது சுமார் 1.3 கோடி. 2023-இல் ஈக்வடார் மக்களே வாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் எண்ணெய் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

யாருக்கு எது

சொந்தமாகக் காட்டை அளக்கும் திறனும் நம்பகமான ஒரு பொதுத்துறை வங்கியும் உள்ள நாடு அமேசான் நிதியத்தின் அமைப்பை எடுத்துக்கொள்ளட்டும். குழுக்களை அரசாணையில் விடாமல் நாடாளுமன்றச் சட்டத்தில் எழுதினால் 2019 போன்ற நிலை திரும்ப வருவது கடினமாகும். அளக்கும் திறன் இல்லாத நாடு, எந்தக் கூட்டாளியைத் தேர்ந்தாலும், முதல் இரண்டு மூன்று ஆண்டுப் பணத்தை அதற்கே செலவழிக்கச் சொல்வேன். கடன் நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் கடன் மாற்றமும் உள்நாட்டு அறக்கட்டளையும் பொருந்தும். கிரெடிட் விற்பதைத் தவிர வழியில்லை என்றால், தனியார் திட்டங்களை விட நாடு முழுவதற்குமான கணக்கு மேல். அப்போதும் மொத்தத்தையும் பத்து ஆண்டுக்கு முன்கூட்டி விற்றுவிட வேண்டாம்.

எல்லாவற்றையும் விட நான் மதிப்பது கோஸ்டா ரிக்கா செய்ததை. 1996-இல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைச் சட்டத்தால் தடுத்தது. எரிபொருள் வரியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கி, காட்டை வைத்திருக்கும் விவசாயிகளுக்குத் தன் சொந்த நிதியம் வழியாகப் பணம் கொடுத்தது. உலக வங்கியின் கடனும் மற்றவர்களின் மானியமும் அதன் பிறகு, அதன் மேல் வந்து சேர்ந்தன. நாட்டின் பாதிக்கு மேல் இன்று காடு. வெளியிலிருந்து ஒரு தவணை தாமதமானால் அங்கே திட்டம் நிற்பதில்லை.

கையெழுத்திடப் போகும் அதிகாரிகள் ஒப்பந்த வரைவில் சேர்க்க வேண்டியவை சில உண்டு. கணக்கு சரிபார்க்கப்பட்ட எத்தனை நாளுக்குள் பணம் வர வேண்டும் என்ற தேதி இருக்க வேண்டும். இந்தோனேசியாவின் முதல் ஒப்பந்தம் இழுபட்டது இங்கேதான். முறையீட்டை விசாரிக்க, பணம் தருபவரையும் கிரெடிட் தருபவரையும் சாராத ஒருவர் வேண்டும். ஊர்களின் பங்கு அமைச்சகத்தைச் சுற்றாமல் நேராக ஊர்க் கணக்குக்குப் போக வேண்டும். புதிய நிதியத்தின் 20 சதவீதமும் பட்டா இல்லாத ஊருக்குப் போய்ச் சேர்வது கடினம் என்பதால், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே எல்லை அளந்து பட்டா கொடுக்கும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கயானாவில் அந்த வேலைக்குக் கொடுத்த பணம்தான், நார்வே செலவழித்ததிலேயே அதிக காலம் நிற்கப்போகிறது.